போனைப் புடுங்கி வெச்சாச்சு, சரி... புள்ள எங்க போய் ஓடறது?

நம்மூர்ப்பக்கம் எந்த விசேசத்துக்குப் போனாலும் நாலு பேரு சேந்து உக்காந்தாப் போதுங்க, பழமை எங்கெங்கயோ சுத்திக் கடைசியா புள்ளைங்க போன் பாக்கறதுல வந்து நின்னுரும். "இந்த எழவெடுத்த போனு வந்துதான் அத்தனையும் கெட்டுப்போச்சு, எங்க காலத்துல..."ன்னு ஒருத்தர் ஆரம்பிச்சா கெணத்துல குதிச்சது, இட்டேரில, அதான் வேலிக்கு நடுவுல போற காட்டுப் பாதைல, ஓடுனது, கில்லி ஆடுனது, ஆடிநோம்பிக்குத் தூரி கட்டுனதுன்னு அது பாட்டுக்குப் போகும். அதுல பொய் ஒண்ணும் இல்லீங்க, நானும் அந்தக் கூட்டத்துல உக்காந்து தலையாட்டுற ஆளுதான். ஆனா வருசக் கணக்கை எடுத்து வெச்சுப் பாத்தா ஒரு எடம் இடிக்குது.

ஆஸ்திரேலியாவுல கிராண்ட் டாம்கின்சன்னு ஒரு ஆராய்ச்சியாளர், புள்ளைங்களோட ஓட்டத்தை மட்டுமே வருசக்கணக்கா நோண்டிட்டு இருக்கறவரு. அவரு 2013ல அமெரிக்க இதய சங்கத்தோட கூட்டத்துல ஒரு கணக்கைக் குடுத்தாரு. 28 நாடு, 50 ஆய்வு, 1964ல இருந்து 2010 வரைக்கும் சுமார் 2.5 கோடி புள்ளைங்க ஓடுன கணக்கு. ஒரு மைல், அதாவது ஒண்ணரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல, அந்தத் தூரத்தை ஓட இப்பத்த புள்ளைங்களுக்கு அவங்க அப்பா அம்மா அதே வயசுல எடுத்ததை விட ஒண்ணரை நிமிசம் கூட ஆகுதுன்னு வந்துச்சு. இதுல கவனிக்க வேண்டியது அந்த 2010தாங்க. மொத ஐபோன் வந்ததே 2007ல. நம்மூர்ல எல்லாத்து கையிலயும் டச் போன் வந்தது அதுக்கும் ரொம்பப் பின்னாடி. அப்ப புள்ளைங்களுக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சது போன் வர்றதுக்கு எத்தனையோ வருசம் முன்னாடியே. அந்தக் கணக்குல பெரும்பாலும் பணக்கார நாடுங்கதான், நாம அந்தப் பாதையில லேட்டா வந்து சேந்திருக்கோம், அவ்ளோதான் வித்தியாசம்.

அதனால என்ற அபிப்பிராயம் என்னன்னா, போன் வந்து வெளையாட்டைத் தொரத்தலீங்க. வெளையாட்டு போய் காலியாக் கெடந்த சாயங்காலத்துல போன் வந்து உக்காந்துக்குச்சு. உக்காந்ததுக்கப்பறம் அது பண்ற கெடுதல் தனிக்கணக்கு, அதுக்கு வர்றேன். ஆனா காலி பண்ணுனது யாருன்னு பாக்காம போனை மட்டும் புடுங்கி பீரோல வெச்சா, புள்ள டிவிய போடும், டிவியும் இல்லீன்னா சோபாவுல குப்புறப் படுத்துக்கும், எந்திரிச்சு ஓடாது.

இதுக்குச் சாட்சி நம்ம பக்கத்துலயே இருக்குது. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு சுத்தி ஹாஸ்டல் ஸ்கூலுங்க இருக்குதே, பிராய்லர் ஸ்கூல்னு சனம் பேரே வெச்சிருச்சு. அங்க போனுக்கு அனுமதியே கெடையாது. வாரத்துக்கு ஒருக்கா வார்டன் போன்ல வீட்டுக்குப் பேசினா உண்டு. ஸ்க்ரீன் டைம்னு பாத்தா சுத்தமா சைபர், கேட்டா உலக சுகாதார நிறுவனமே கைதட்டணும். ஆனா விடியக்காலை எந்திரிச்சா ராத்திரி படுக்கற வரைக்கும் உக்காந்த எடத்துலயே உக்காந்து படிப்பு, வருசம் முச்சூடும் ஸ்டடி ஹவர், ப்ளஸ் டூ வந்தாச்சுன்னா கிரவுண்டு இருக்கற தெசையவே பாக்க விடறதில்ல. லீவுக்கு வர்ற பையனை தோட்டத்துல மோட்டார் போட்டுட்டு வாடான்னு தாட்டி உட்டா மேக்கால காடு வரைக்கும் போயிட்டு வர்றதுக்குள்ள மூச்சு வாங்கி நிக்கறான். போன் இல்லாத புள்ளையும் ஓடாத புள்ளையா இருக்க முடியும்ங்க. டே ஸ்காலரும் பெருசா மேல் இல்ல, பி.டி. பீரியடை மேத்ஸ் மிஸ் கடன் வாங்கறதும் அது திரும்பி வராததும் தமிழ்நாட்டுல எல்லாத்துக்கும் தெரிஞ்ச கதை.

சாயங்காலத்தைக் காலி பண்ணுனது என்னென்னன்னு கொங்கு நாட்டுக்குள்ளயே ஒரு சுத்து சுத்தி வரலாம்.

திருப்பூரை எடுத்துக்குங்க. அப்பா பனியன் கம்பெனில டைலர், அம்மா செக்கிங். ரெண்டு பேரும் ஒண்ணரை ஷிப்ட், காலைல எட்டரைக்குப் போனா ராத்திரி எட்டரைக்குத்தான். லைன் வீடு, ஒரே ரூமு, முன்னாடி எல்லாருக்கும் பொதுவா ஒரு சந்து, அதுலயும் பைக் நிக்கும். தேனி, மதுரைன்னு வெளியூர்ல இருந்து வந்த குடும்பம், இங்க பாட்டி தாத்தா யாரும் இல்ல. நாலு மணிக்கு ஸ்கூல் விட்டு வர்ற புள்ளைகிட்ட அந்த அம்மா என்ன சொல்லும்? "உள்ளாற பூட்டிக்கிட்டு போன் பாத்துட்டு இரு கண்ணு, யாரு கதவத் தட்டுனாலும் தொறக்காத." அந்த வீட்டுல போன்தான் ஆயா, போன்தான் காவல். அந்த அம்மாகிட்டப் போயி ஸ்க்ரீன் டைம் ஒரு மணி நேரத்துக்கு மேல கூடாதுங்கன்னு கிளாஸ் எடுக்கறவங்களைப் பாத்தா எனக்குக் கோவம்தான் வருது, மீதி மூணரை மணி நேரத்துக்கு யாரு பாத்துக்குவாங்கன்னு அவங்க சொல்றதில்ல.

இந்தப்பக்கம் காங்கயம், தாராபுரம், கொடுமுடி தோட்டத்துச் சாளைங்க, அதான் தோட்டத்து ஊடுங்க. எடம் கொள்ளை கொள்ளையாக் கெடக்குது, ஓடறதுக்கு ஆள்தான் இல்ல. நம்ம கொங்குல ஊடு ஊருக்குள்ள இருக்காது, அவங்கவங்க காட்டுக்குள்ள தனித்தனியா இருக்கும், அடுத்த சாளைக்குப் போகணும்னாலே ஒரு கல்லு தூரம் நடக்கோணும். முன்ன ஒரு சாளைலயே பெரியப்பன் மக்க சித்தப்பன் மக்கன்னு ஏழெட்டுப் பொடுசு இருக்கும். இப்ப ஒண்ணு, மிஞ்சுனா ரெண்டு. அதுவும் மஞ்சக்கலர் வேன் ஏழு மணிக்கே வாசல்ல வந்து நின்னு ஏத்திக்கிட்டு, ஊர் ஊரா சுத்திப் பொழுதோட கொண்டாந்து எறக்கி விடுது. நடந்து பள்ளிக்கூடம் போனதுல தானா கெடைச்சிட்டு இருந்த நடையும் அந்த வேனோட போச்சு. இட்டேரி பாதிக்கு மேல கம்பிவேலியாயிருச்சு.

கெணறு கதை இன்னும் மோசம். சுரைக்குடுக்கைய முதுகுல கட்டி அப்பாரு தள்ளி விடுவாரு, ஒரு வாரத்துல நீச்சல் வந்துரும், கை கால் நெஞ்சு மூச்சு எல்லாத்துக்கும் அதை விட ஒரு எக்சைசு கெடையாது. அப்பறம் ஆயிரம் அடி போர் போட்டு போர் போட்டு கெணத்துல தண்ணி அத்துப்போயி குப்பை கொட்டற குழியாச்சு. நீச்சல் தெரியாத ஒரு தலைமுறை அப்படியே வளந்துருச்சு. இப்ப 2024 ஆகஸ்டுல அத்திக்கடவு-அவினாசித் திட்டம் ஓட ஆரம்பிச்சு குளங்குட்டைக்கெல்லாம் தண்ணி வருது, சந்தோசம், ஆனா கரைல நிக்கற புள்ளைங்களுக்கு நீச்சல் தெரியாதுங்கறதை யாரும் யோசிச்ச மாதிரி தெரியல.

கோயமுத்தூர்ல வேற மாதிரி. ரேஸ் கோர்ஸ் நடைபாதை, பெரியகுளம் வாலாங்குளம் கரையெல்லாம் பளபளன்னு ஆயிருச்சு, நல்லாத்தான் இருக்குது, ஆனா அது நடக்கறவங்களுக்கு, நம்ம வயசுக்காரங்களுக்கு. பத்துப் பொடுசுங்க சேந்து பந்தடிக்கறதுக்கு அங்க எடமில்ல. அபார்ட்மென்ட்ல பந்து வெளையாடக் கூடாதுன்னு போர்டு. மிச்சம் இருக்கறது டர்ஃப்ங்கற செயற்கைப்புல் கிரவுண்டு, மணிக்கு இவ்வளவுன்னு வாடகை, முன்னாடியே புக் பண்ணோணும். வெளையாட்டே காசு குடுத்து வாங்கற சாமானாயிருச்சுங்க.

இதுக்கு மேல கொரோனா. 2020 மார்ச்சுல மூடுன பள்ளிக்கூடம் ஒண்ணாப்புல இருந்து எட்டாப்பு வரைக்கும் 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் தொறந்துச்சு. அந்த ஒண்ணரை வருசத்துக்கு மேல கவர்மென்ட்டும் ஸ்கூலும் நாமளும் சேந்துதான் புள்ள கையில போனைக் குடுத்தோம், ஆன்லைன் கிளாஸ்னு சொல்லி. கொரோனா போயிருச்சு, வாட்சப் குரூப்பு போகல, ஹோம்வொர்க் இன்னைக்கும் அதுலதான் வருது. பாடத்துக்குன்னு கையில எடுக்கற போன் ரெண்டு நிமிசத்துல ரீல்ஸுக்குப் போறதுல புள்ளைய மட்டும் குத்தம் சொல்லி என்னத்துக்கு.

சரி, போன் என்ன பண்ணுது உடம்பைங்கறதுக்கு வருவோம். உக்காந்தே இருக்கறதால குண்டாவுதுன்னுதான் எல்லாரும் நெனைக்கறாங்க. 1999ல தாமஸ் ராபின்சன்னு ஸ்டான்ஃபோர்டு டாக்டரு ஒருத்தரு கலிபோர்னியாவுல சான் ஹோசேங்கற ஊர்ல ரெண்டு ஸ்கூலை எடுத்து, மூணாப்பு நாலாப்புப் புள்ளைங்க 192 பேரு, ஒரு ஸ்கூல்ல மட்டும் டிவி வீடியோ கேம் பாக்கறதைக் கொறைக்கச் சொல்லிக் குடுத்தாரு. சாப்பாட்டைப் பத்தியோ ஓடறதைப் பத்தியோ ஒரு வார்த்தை சொல்லல. வருசக் கடைசில பாத்தா அந்த ஸ்கூல் புள்ளைங்களுக்கு பி.எம்.ஐ., அதான் உயரத்துக்கு எடை எவ்வளவுங்கற கணக்கு, ஏறுன வேகம் மத்த ஸ்கூலை விடக் கம்மி. சரி டிவி பாக்காத நேரத்துல ஓடியாடிருக்கும்னு பாத்தா, அப்படிப் பெருசா ஒண்ணும் ஓடல! மாறுனது என்னன்னா டிவி முன்னாடி உக்காந்து சாப்பிடறது கொறைஞ்சிருந்துச்சு.

இதை நம்மூட்டுல வெச்சுப் பாருங்க. அமுச்சி, அதான் அம்மாவைப் பெத்த பாட்டி, வட்டல்ல அரிசியும்பருப்புஞ் சோத்தைப் பெசஞ்சு வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கும், எதுத்தாப்புல சொம்புல சாய்ச்சு போனை நிக்க வெச்சிருக்கும். ரெண்டு வயசுக் குட்டி, கண்ணு போனை விட்டு நகராது, கரண்டி ஒதட்டுல பட்டா வாய் தானா தொறக்கும். நடுவுல விளம்பரம் வந்தா மட்டும் சின்ன விரல் நேராப் போயி ஸ்கிப்ல அழுத்தும், அப்பறம் மறுபடி வாய். "இன்னொரு வாய் சாமி, இதோட அவ்ளோதான்." அந்தக் கொழந்தைக்கு வயிறு நெறைஞ்சதா இல்லையான்னு அதுக்கே தெரியாது. பசி எப்ப அடங்குச்சுன்னு தெரியற பழக்கம் அந்த வயசுலதான் வரோணும், அது வராமப் போனா பின்னாடி பெருசானதும் கையில சிப்ஸ் பாக்கெட் தீர்ற வரைக்கும் நிறுத்தத் தெரியாது. அமுச்சிய நான் குத்தம் சொல்ல மாட்டேன், ஊட்டி முடிச்சாத்தான் அதுக்கு மத்த வேலை ஓடும். ஆனா போன் பண்ற கெடுதல்ல பாதி சோத்து வட்டல் முன்னாடிதான் நடக்குது, வேற எங்கயும் முடியலீன்னாலும் அந்த எடத்துல மட்டும் நிறுத்துனாப் பலன் உண்டு.

ரெண்டாவது தூக்கம். ஆறுல இருந்து பன்னண்டு வயசுக்கு 9ல இருந்து 12 மணி நேரம், அதுக்கு மேல பதினெட்டு வரைக்கும் 8ல இருந்து 10 மணி நேரம்னு தூக்க டாக்டருங்க சொல்றாங்க. ராத்திரி பதினொண்ணரைக்குப் போர்வைக்குள்ள ஃப்ரீ ஃபயர் ஆடிட்டு ஏழு மணி வேனுக்கு எந்திரிக்கற பையனுக்கு ஏழு மணி நேரங்கூடத் தேறாது. தூக்கங் கெட்டவன் மறுநாள் ஓடவும் மாட்டான், பசியும் அதிகமா எடுக்கும். ஸ்க்ரீன் வெளிச்சம் ஒரு காரணம்தான், அதை விட கேம்ல வர்ற படபடப்பும், இன்னொரு ரவுண்டு இன்னொரு ரவுண்டுன்னு படுக்கற நேரத்தைத் தள்ளிக்கிட்டே போறதும்தான் பெரிய காரணம்.

கண்ணு விசயத்துல ஒரு புது சேதி. பக்கத்துல வெச்சுப் பாத்தா கண்ணாடி வந்துரும்னு சொல்றோம், அதுல உண்மை இருக்குது, ஆனா வெளிய வெய்யில்ல நிக்காததும் ஒரு முக்கியமான காரணம். ஊட்டுக்குள்ள லைட்டு போட்டா 300, 500 லக்ஸ் வெளிச்சம்தான், வெளிய பகல்ல பத்தாயிரத்துக்கு மேல. அந்த வெளிச்சத்துக்கு விழித்திரைல டோபமைன் சுரந்து கண்ணுருண்டை நீளமா வளர்றதைத் தடுக்குதுன்னு ஆராய்ச்சிக்காரங்க நெனைக்கறாங்க. தைவான்ல 2010ல இருந்து ஸ்கூல் புள்ளைங்களை தெனமும் 120 நிமிசம் வெளிய விடச் சொன்னாங்க, பல வருசமா ஏறிட்டே போன பார்வைக் குறைபாடு அதுக்கப்பறம் எறங்க ஆரம்பிச்சுது. வெய்யில்ல போனா கறுத்துருவேன்னு புள்ளைய உள்ளாற இழுத்துப் போடற ஊருக்கு இதைச் சத்தமாச் சொல்லோணும்.

"எங்க புள்ள ஒல்லியாத்தானுங்க இருக்குது, அதுக்கென்ன"ன்னு கேக்கறவங்களுக்கு ஒரு கதை இருக்குது. புனேல யாஜ்னிக்னு ஒரு டாக்டரு, லண்டன்ல யுட்கின்னு ஒரு டாக்டரு, 2004ல லான்செட்ங்கற மருத்துவப் பத்திரிகைல ரெண்டு பேரும் அவங்க போட்டோவையே போட்டாங்க. ரெண்டு பேருக்கும் பி.எம்.ஐ. ஒண்ணுதான், 22.3. ஸ்கேன் எடுத்துப் பாத்தா லண்டன்காரருக்கு உடம்புல கொழுப்பு 9.1 சதவீதம், நம்மாளுக்கு 21.2. அவங்களே கிண்டலா ஒண்ணு எழுதியிருந்தாங்க: ஒருத்தரு மாரத்தான் ஓடறவரு, இன்னொருத்தரு ஆஸ்பத்திரி லிஃப்ட் கதவு மூடறதுக்குள்ள ஓடிப் புடிக்கறதுதான் அவரோட உடற்பயிற்சின்னு. ஃபிட்னஸுங்கறது தராசுல தெரியாதுங்க. மூச்சு, தசை, வளைவு, சமநிலை, இது நாலும் பாக்கணும். ஒல்லியா இருந்தும் ரெண்டாவது மாடி ஏறுனா நெஞ்சு அடிச்சுக்கற புள்ளைங்க எத்தனையோ இருக்குது.

பாக்கறதுக்கு பெரிய ஜிம் எதும் வேண்டாம். கேலோ இந்தியாங்கற மத்திய அரசோட வெளையாட்டுத் திட்டத்துல ஸ்கூல் புள்ளைங்களுக்குன்னு ஒரு டெஸ்ட் வெச்சிருக்காங்க, ஒன்பது வயசுக்கு மேல 600 மீட்டர் ஓட்டம், 50 மீட்டர் ஓட்டம், உக்காந்து குனிஞ்சு காலைத் தொடறது, புஷ்அப்ஸ். எட்டு வயசு வரைக்கும் அதெல்லாம் இல்ல, ஒத்தக்கால்ல நிக்கறது, தட்டை மாத்தி மாத்தித் தொடறது. உங்க ஏழு வயசுப் புள்ளைய இன்னைக்கு ராவைக்கு ஒத்தக்கால்ல நிக்கச் சொல்லிப் பாருங்க, ஒரு நிமிசத்துக்குள்ள எத்தனை தடவை காலை ஊனுதுன்னு. நொண்டி ஆடி வளந்தவங்களுக்கு இது ஒரு டெஸ்டான்னு சிரிப்பு வரும்.

எவ்வளவு ஓடோணும்னா, 5ல இருந்து 17 வயசுக்கு தெனமும் சராசரி 60 நிமிசம்னு உலக சுகாதார நிறுவனம் 2020ல சொன்னது, அதுல வாரத்துக்கு மூணு நாளாவது நல்லா மூச்சு வாங்கற வெளையாட்டா இருக்கோணும். மூச்சு வாங்குது ஆனா பேச முடியுது, பாட முடியல, அதுதான் நடுத்தரம்னு வெச்சுக்கலாம். ஸ்க்ரீனுக்கு, ரெண்டு வயசுக்குக் கீழ வேண்டவே வேண்டாம், 2ல இருந்து 4 வயசுக்கு ஒரு மணி நேரத்துக்குள்ளன்னு 2019லயே சொல்லிட்டாங்க. அஞ்சு வயசுக்கு மேல இத்தனை மணின்னு கணக்கு எதும் சொல்லல, கொறைங்கன்னு மட்டும்தான். ஓட்டத்துக்கு நிமிசக்கணக்கு இருக்குது, பெரிய புள்ளைங்களுக்கு ஸ்க்ரீனுக்கு இல்ல, நாம அதைத் தலைகீழாப் புடிச்சுக்கிட்டு நிக்கறோம்.

இந்த 60 நிமிசமே 11ல இருந்து 17 வயசுப் புள்ளைங்கள்ல நூத்துக்கு 81 பேருக்குக் கெடைக்கறதில்லைன்னு 146 நாட்டுக் கணக்கு 2019ல வந்துச்சு. பசங்க 78, பொண்ணுங்க 85. பொண்ணுங்க விசயம் நம்மூர்ல தனியாப் பேசோணும். பத்துப் பன்னண்டு வயசு வரைக்கும் தம்பியோட சரிசமமா ஓடிட்டு இருந்த புள்ள, பெரியமனுசி ஆகி சீர் முடிஞ்ச மறுவாரத்துல இருந்து வாசலைத் தாண்டாது. "அம்மிணி, இனி என்ன பசங்களாட்டம் குதிச்சுக்கிட்டு"ன்னு ஒரே வார்த்தை. எலும்பு உறுதியாகற வயசு சரியா அதுதான், குதிக்கக் குதிக்கத்தான் எலும்பு தேறும். அந்த வயசுல நிப்பாட்டி வெச்சுட்டு அம்பது வயசுல எலும்புல பலமே இல்லீன்னு பொலம்பறோம்.

இதுக்கு நம்ம கொங்குலயே ஒரு வழி தானா மொளைச்சிருக்குது, வள்ளிக்கும்மி. சாயங்காலம் கோயில் திடல்ல லைட்டு போட்டு பாட்டுக்காரரு பாட, பொடுசுல இருந்து பாட்டி வரைக்கும் வட்டங்கட்டி குனிஞ்சு நிமுந்து குதிச்சுக் கை தட்டி, மாசக்கணக்கா பழகி அப்பறம் அரங்கேத்தம். பக்கத்துல நின்னு பாத்தா தெரியும், அரைமணி நேரத்துல ரவிக்கை முதுகு தொப்பலா நனைஞ்சிரும், ஆனா யாரும் நிக்க மாட்டாங்க, பக்கத்து ஆளு நிக்கலியே. ஓடுன்னு சொன்னா ஓடாத புள்ள அங்க மணிக்கணக்குல குதிக்குது, போன் எங்க கெடக்குதுன்னே ஞாபகம் இல்ல. இதுல சாதி வாசம், கட்சி வாசம் அடிக்குதுன்னு சொல்றவங்க இருக்காங்க, அந்தக் கேள்வி நியாயமானதுதான், ஊர்ல இருக்கற எல்லா ஊட்டுப் புள்ளைங்களும் அந்த வட்டத்துல நிக்குதான்னு ஒவ்வொரு ஊரும் தன்னைத்தானே கேட்டுக்கோணும். ஆனா எடம், நேரம், கூட்டாளி மூணும் ஒண்ணாக் கெடைச்சா என்ன ஆகும்ங்கறதுக்கு இதை விட உதாரணம் வேண்டாம்.

டென்மார்க்குல 2022ல வந்த ஒரு ஆய்வும் இதையேதான் வேற விதமாச் சொல்லுது. 89 குடும்பம், 181 புள்ளைங்க. பாதிக் குடும்பத்துகிட்ட ரெண்டு வாரத்துக்கு ஸ்மார்ட்போனு டேப்லெட் எல்லாத்தையும் வாங்கி வெச்சுக்கிட்டாங்க, அப்பா அம்மா போனையும் சேத்து, பொழுதுபோக்குக்கு ஸ்க்ரீன் பாக்கறது வாரத்துக்கு மூணு மணி நேரம்தான். அந்தப் புள்ளைங்க ஒரு நாளைக்கு முக்கா மணி நேரம் கூடுதலா ஓடியாடுச்சுங்க. கலிபோர்னியாவுல டிவியக் கொறைச்சப்ப ஓடல, இங்க ஓடுச்சு, ஏன்? எனக்குத் தோணறது ரெண்டு. பெரியவங்க போனும் பெட்டிக்குள்ள போயிருச்சு, அதனால ஊடே எந்திரிச்சுது. அப்பறம் டென்மார்க்குல கதவைத் தொறந்தா சைக்கிளுக்குத் தனி ரோடு இருக்குது, நம்ம ஊர்ல கதவைத் தொறந்தா மணல் லாரி.

அதனால ஊட்டுல பண்ண முடிஞ்சது ஒரு அளவுக்குத்தான்: வட்டல் முன்னாடி போன் வேண்டாம், படுக்கைல போன் வேண்டாம், அப்பனும் சேத்து. மிச்சம் ஊரு பண்ண வேண்டியது. சேலம் பக்கம் சின்னப்பம்பட்டில டென்னிஸ் பந்துல கிரிக்கெட் ஆடிட்டு இந்தியா டீம் வரைக்கும் போன நடராஜன், கையில காசு வந்ததும் சொந்த ஊர்ல கிரவுண்டுதான் கட்டுனாரு, அது போதுமான சாட்சி. எல்லா ஊர்லயும் அப்படி ஒரு ஆள் கெடைக்க மாட்டாரு, ஆனா பெரும்பாலான ஊர்ல கவர்மென்ட் ஸ்கூல் இருக்குது, பல ஸ்கூலுக்கு ஒரு கிரவுண்டும் இருக்குது, நாலரை மணிக்கு மேல கேட்டுல பூட்டுத் தொங்கும். ராத்திரி தண்ணியடிக்க வந்துருவாங்கன்னு பயம், அதுவும் நெசந்தான். பள்ளி மேலாண்மைக் குழுன்னு ஒண்ணு ஒவ்வொரு ஸ்கூல்லயும் இருக்குது, அதுல பாதிக்கு மேல பெத்தவங்கதான். நாலரைல இருந்து ஆறரை வரைக்கும் கேட்டைத் தொறந்து வெக்கறது, வாரத்துக்கு ஒருத்தரு பொறுப்பா நிக்கறது, சாவி யாருகிட்டன்னு எழுதி வெக்கறது, இதை அங்க தீர்மானமாப் போடலாம். லைட்டுக்கும் கம்பிவேலிக்கும் பஞ்சாயத்துல கேக்கணும்னா ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, ஜனவரி 26, மே 1 மாதிரி நாளுங்கள்ல கிராம சபை நடக்குது, கூட்டத்துக்குப் போயி மனுவை எழுத்துல குடுத்து நோட்டுல ஏத்துனாங்களான்னு பாத்துட்டு வாங்க.